பயன் தரும் கல்வி: மூன்று நூல்கள்

பயன் தராத கல்வியினின்றும் இறைவனிடம் பாதுகாவல் தேடினார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அண்மையில் படித்த மூன்று அரபு நூல்கள் அந்த துஆவின் பொருளை எனக்கு விரித்துக் காட்டின.

முதலாவது, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'அய்யுஹல் வலத்'. நெடுநாள் ஓதிய மாணவர் ஒருவர், தமக்கு மறுமையில் பயன்படும் கல்வி யாதெனக் கேட்க, இமாமவர்கள் விடுத்த மடல் இது. வாள் பல இருந்தும் வீசாதவனைச் சிங்கம் விட்டுவிடுமா என்று அதில் வினவுகிறார்கள். முன்னேற வழி கூறும் நூல்கள் மலிந்த இந்நாளில், செயலைக் கேட்கும் இச்சிறு நூல் தனித்து நிற்கிறது.

இரண்டாவது, எகிப்தின் தாஹா ஹுசைன் தம் இளமையைக் கூறும் 'அல் அய்யாம்'. முதற்பாகம் 1929-இல் நூலாயிற்று. சிறு வயதிலேயே பார்வையிழந்த அவர், குர்ஆனை மனனம் செய்து, பின் மறந்து, தந்தை முன் ஓத இயலாது நாணி நின்றதை எழுதுகிறார். ஆசிரியரோ பாடத்தைக் கேளாமல் விட்டவர்! தாஹா ஹுசைனின் ஆய்வு முடிவுகளில் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. ஆயினும் ஓதிக்கொடுப்போர் இப்பகுதியைக் கட்டாயம் படித்தல் வேண்டும்.

மூன்றாவது, தவ்ஃபீக் அல் ஹகீமின் 'யவ்மிய்யாத்து நாயிபின் ஃபில் அர்யாஃப்' (1937). துப்பறியும் கதைபோலத் துப்பாக்கிச் சூட்டில் தொடங்கி, கொலையாளி அகப்படாமலே முடிகிறது. சட்டம் கற்ற அரசு வழக்குரைஞர் விசாரணையை ஏடு ஏடாக எழுதுகிறார். கால்வாயில் துணி துவைத்த ஏழைக்கோ அபராதம்! கிராம மக்களை ஆசிரியர் எட்ட நின்றே பார்ப்பது குறைதான். எனினும் சிரிப்பினூடே நெஞ்சு கனக்கிறது.

முதல் நூலை இல்லத்தில் அனைவரும் கேட்க வாசிக்கலாம்; மற்றிரண்டும் வளர்ந்த பிள்ளைகளுக்கு உரியவை. கற்றதைக் கொண்டு யாருக்கு என்ன செய்தாய் என்றே மூன்றும் கேட்கின்றன.