சுனாமி ஒன்று, அணுமின் நிலையங்கள் இரண்டு

2011 மார்ச் 11 அன்று ஜப்பானை உலுக்கிய நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த அணுமின் நிலையம் ஃபுகுஷிமா அல்ல, ஒனகவா. அங்கேயும் சுமார் 13 மீட்டர் உயரத்துக்குச் சுனாமி எழுந்தது. உலைகள் பத்திரமாக நின்றன. வீடிழந்த ஊர்மக்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அந்த நிலைய வளாகத்துக்குள்தான் தஞ்சம் புகுந்தார்கள்.

அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்று பொத்தாம்பொதுவாக நடக்கும் வாதங்களில் ஒனகவாவின் பெயரே அடிபடுவதில்லை.

அதன் தரைமட்டம் கடலிலிருந்து ஏறக்குறைய 15 மீட்டர். 869-ஆம் ஆண்டு ஜோகன் சுனாமியை மறக்காமல், செலவு கூடினாலும் உயரம் வேண்டும் என்று வாதாடியவர் தொஹொகு மின்நிறுவனத்தின் ஹிராய் யானோசுகே. ஃபுகுஷிமாவிலோ 35 மீட்டர் மேட்டை வெட்டி, 10 மீட்டருக்குத் தாழ்த்தி உலைகளைக் கட்டினார்கள். மின்சாரம் நின்றால் குளிர்விப்புப் பம்புகளை ஓட்டவேண்டிய டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை அடித்தளத்தில் இருந்தன. கடல்நீர் புகுந்ததும் மூழ்கிப்போயின. மூன்று உலைகள் உருகின. காற்றால் குளிரும் ஜெனரேட்டர் ஒன்று மட்டும் தொடர்ந்து ஓடியதால் 5, 6-ஆம் உலைகள் தப்பின. 15.7 மீட்டர் வரை அலை எழக்கூடும் என்ற கணக்கு 2008-லேயே ஃபுகுஷிமாவை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆனாலும் தடுப்புச் சுவர் எழவில்லை. இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று 2012-இல் ஜப்பான் நாடாளுமன்ற விசாரணைக் குழு சொன்னதில் மிகையே இல்லை.

கதிர்வீச்சால் நேர்ந்த சாவாக ஜப்பான் அரசு 2018-இல் ஏற்றது ஒரு தொழிலாளியின் மரணத்தை. அவசர வெளியேற்றத்தின் அலைச்சலிலும் அகதி வாழ்விலும் ஃபுகுஷிமா மாகாணத்தில் இறந்தவர்களோ இரண்டாயிரத்துக்கும் அதிகம். மருத்துவமனைகளிலிருந்து பேருந்தில் ஏற்றப்பட்ட முதிய நோயாளிகளும் அவர்களில் உண்டு. எதிர்ப்பாளர்கள் முதல் கணக்கை மறைக்கக் கூடாது. ஆதரவாளர்கள் இரண்டாவதைத் தள்ளிவிடவும் கூடாது. நிலக்கரிப் புகை ஆண்டுதோறும் கொல்கிறது என்பது உண்மை. அணுமின்சாரத்தின் பக்கம் உள்ள வலுவான வாதமும் அதுதான். ஆனால் அனல்மின் நிலைய விபத்து எதுவும் ஃபுகுஷிமாவைப்போல் ஒன்றரை லட்சம் பேரை ஊரைவிட்டு விரட்டியதில்லை.

ஆகவே, உலையின் தொழில்நுட்பத்தைவிட அதை நடத்துபவர்களின் நேர்மையே முதலில் சோதிக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையம் இந்தச் சோதனையில் தேறவில்லை. பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிட மத்திய தகவல் ஆணையம் 2012-இல் உத்தரவிட்டபோது, அதை நடத்தும் இந்திய அணுமின் கழகம் நீதிமன்றத்துக்குப் போனது. 2019-இல் கணினியில் தீநிரல் புகுந்ததை நிலைய நிர்வாகம் முதலில் மறுத்தது. மறுநாளே கழகம் ஒப்புக்கொண்டது. உலைகளை இயக்கும் கணினிகள் பாதிக்கப்படவில்லை என்ற விளக்கம் சரியாகவே இருக்கலாம். முந்தைய நாள் மறுப்பைக் கேட்டவர்கள் அதை எப்படி நம்புவார்கள்? அங்கே புதிய உலைகள் எழுகின்றன. பாதுகாப்பு ஆய்வறிக்கைகளை இப்போதாவது தமிழில், அருகிலுள்ள இடிந்தகரை மக்களின் முன்னால் வைக்க வேண்டும்.