இரு கடல்களும் ஒரு பிரசங்கமும்

திருவான்மியூர்க் கடற்கரையில் உட்கார்ந்து போன வாரம் ஒரு பிரசங்கத்தைப் படித்தேன். பிரசங்கங்களை விமரிசிப்பது கதை எழுதுகிறவன் வேலையா என்று கேட்பீர்கள். தலைப்பு என்னை இழுத்துவிட்டது: 'இரு கடல்களின் சங்கமம்'. 2007 ஆகஸ்டு 22-ஆம் தேதி நம் பாராளுமன்றத்தில் ஜப்பானியப் பிரதமர் ஷின்ஸோ அபே பேசியது.

தலைப்பு அவருடையதல்ல. ஷாஜஹானின் மூத்த மகன் தாரா ஷுகோ 1655-இல் பாரசீகத்தில் எழுதிய நூலின் பெயர் அது. அந்த நூலில் நாம் பார்க்கும் கடல் கிடையாது. ஸூபி ஞானமும் வேதாந்தமுந்தான் அவனுடைய இரு கடல்கள். அபே அவற்றை இந்து சமுத்திரமாகவும் பசிபிக் சமுத்திரமாகவும் ஆக்கிவிட்டார். உருவகத்தைத் திரும்ப உப்புத் தண்ணீராக்குவது கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் இரவல் வாங்கியவர் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டார், கதையை விட்டுவிட்டார். நான்கே வருஷத்தில், சிம்மாசனப் போட்டியில் தோற்ற தாராவைத் தம்பி ஔரங்கசீப் கொல்லச் செய்தான்.

பிரசங்கத்தில் விவேகானந்தர் வருகிறார், தாகூரின் சிநேகிதர் ஒகாகுரா வருகிறார், டோக்கியோ விசாரணையில் தனித் தீர்ப்பு எழுதிய ராதா வினோத் பால் வருகிறார். சம்பந்தம் பேச வந்த வீட்டார் பழைய உறவுகளைத் தேடிப் பிடித்துச் சொல்வார்களே, அந்த மாதிரி. எல்லாம் உண்மைதான். கல்யாணத்துக்கு ஏன் இத்தனை அவசரம் என்பதைத்தான் யாரும் சொல்லக் காணோம். ஜப்பானுக்கு எண்ணெய் வருவது நம் சமுத்திரத்தின் வழியாக. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் சேரப்போகிற 'விரிந்த ஆசியா'வில் சீனத்துக்கு நாற்காலி போடவில்லை. வாசல் பக்கமே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வரப்போகிறவன் பெயரை மட்டும் ஆசிரியர் மறைத்துவிட்ட நாவல் இது. பயத்தைப் பயம் என்றே எழுதியிருந்தால் நட்புக்கு ஒரு குறைவும் வந்திராது.

இன்னொரு பக்கமும் கிழிந்திருக்கிறது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன; மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். பட்டணம் காலியாயிற்று. என் பாட்டி மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு, குழந்தைகளோடு கும்பகோணத்துக்கு ரயில் ஏறினாள். அடுப்பில் பால் அப்படியே இருந்ததாம். அதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். 2017 ஜூலையில் அமெரிக்கக் கப்பல்களோடு ஜப்பானின் இஸுமோவும் கூட்டுப் பயிற்சிக்காகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து நின்றது. பாட்டி இருந்திருந்தால் மறுபடி பெட்டியைக் கட்டியிருப்பாள்.

இந்த நட்பு பொய் என்று நான் சொல்லவில்லை. 1999-இல் ஜப்பானியர்களுக்குச் சொந்தமான அலோண்ட்ரா ரெயின்போ என்ற சரக்குக் கப்பலைக் கொள்ளையர் பிடித்து, மாலுமிகள் 17 பேரையும் தெப்பத்தில் இறக்கிவிட்டார்கள். கப்பலுக்கு வேறு பெயர் எழுதி ஓட்டிக்கொண்டு போனவர்களை நம் கடலோரக் காவற்படையும் கடற்படையும் அரபிக் கடலில் மடக்கின. மறு வருஷமே இரு நாட்டுக் காவற்படைகளும் கூட்டுப் பயிற்சி தொடங்கின. தெப்பத்தில் பத்து நாள் மிதந்தவர்களைக் காப்பாற்றியது எந்த அரசும் அல்ல, தாய்லாந்து மீன்பிடிப் படகு ஒன்று.

இதைப் பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த குப்பத்துப் பெரியவரிடம் சொன்னேன். 'ஆள் மெதக்கறதப் பாத்துட்டு எப்படி சார் போறது?' என்றார். பிறகு, அந்தப் படகுக்கு அன்றைக்கு மீன் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார்.