லோயப் கண்டதும் காணாததும்

பௌதிகம் கற்பிக்கும் என்னைப் போன்றவனுக்கு ஜாக் லோயபின் ‘உயிரைப் பற்றிய இயந்திரக் கருத்து’ என்னும் நூல் இனிக்காமல் இராது. 1912இல் சிகாகோவில் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பு அது. உயிரின் தொடக்கமும் பௌதிக, வேதியியல் விதிகளுக்குள் அடங்கும் என்று அடித்துச் சொல்வது. படித்த வேகத்தில் வகுப்பில் லோயபின் சோதனையை விவரித்து, “விந்தணு செய்வதை உப்புநீரே செய்துவிடும்” என்று முடித்தேன். “அப்படியானால் முட்டையை எதற்கு சார், இரண்டு முறை குளிப்பாட்டினார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. நூலை மீண்டும் புரட்டியபோதுதான் அதன் குறை தென்பட்டது.

சோதனை இதுதான். கடல் முள்ளெலியின் முட்டைகள் கடல்நீரிலேயே கருவுறுபவை. அமெரிக்காவின் உட்ஸ் ஹோலில் 1899இல் லோயப் அவற்றை விந்தணு இல்லாமலே, உப்பின் அளவை மாற்றிய கடல்நீரால் வளரச் செய்தார். பின்னர் முறையைத் திருத்தினார். பியூட்ரிக் அமிலம் கலந்த கடல்நீரில் ஓரிரு நிமிடம் வைத்தெடுத்தால் முட்டையைச் சுற்றிக் கருவுறல் சவ்வு எழும்பும். அத்துடன் விட்டால் முட்டை வளர முயன்று அழிந்துவிடும். மிகை உப்புள்ள நீரில் ஏறக்குறைய அரைமணி வைத்த பிறகே ஒழுங்காகப் பிளவுறும்.

லோயப் எதையும் மறைக்கவில்லை. விந்தணுவும் இரண்டு வேலை செய்தாக வேண்டும் என்று சரியாகவே ஊகித்தார். ஆனால் இரண்டையும் கரைபொருள்களின் வேலையாகவே எண்ணினார்: ஒன்று முட்டையின் மேற்பரப்பைச் சிதைப்பது, மற்றது அச்சிதைவின் கேட்டைப் போக்கும் மருந்து. அங்கேதான் சறுக்கல்.

முதல் வேலை கால்சியத்தினுடையது. முட்டைக்குள் தனித்துத் திரியும் கால்சியம் அயனிகளின் செறிவு கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய இலட்சத்தில் ஒரு பங்கு. விந்தணு இணைந்ததும் முட்டை தன் உட்கிடங்குகளைத் திறக்கிறது. கால்சிய அலை ஒன்று அரை நிமிட அளவில் மறுமுனையை அடைகிறது. செறிவு பத்து மடங்குக்குக் குறையாமல் உயர்கிறது. சவ்வு எழுவது இதன் விளைவே. 1974இல் ஸ்டைன்ஹார்ட்டும் எப்பெலும், கால்சியத்தைச் சவ்வுகளின் ஊடே கடத்தும் ஒரு மருந்தைக் கொண்டு, கால்சியமே இல்லாத கடல்நீரிலும் முட்டையை விழிக்க வைத்தனர்.

விழித்த முட்டை பிளக்குமா? பிளக்காது. நிறக்கோல்களை இருபுறமும் இழுக்க இரண்டு முனைகள் வேண்டும். கால்சியம் மட்டும் பெற்ற முட்டையில் ஒற்றை முனைதான் தோன்றுகிறது. விந்தணு தன் கழுத்துப் பகுதியில் கொண்டு வரும் சென்ட்ரியோல்களே இரண்டு முனைகளைத் தருகின்றன. பிளவு மையத்தை விந்தணுவே கொணர்கிறது என்று ஜெர்மானியரான போவேரி 1887இலேயே கூறியிருந்தார்! உப்புநீர்க் குளியல் முட்டைக்குள்ளேயே புதிய சென்ட்ரியோல்களைத் தோற்றுவிக்கிறது. 1961இல் மின்னணு நுண்ணோக்கி அதைக் காட்டியது. ஆக, லோயப் மருந்து என்று எண்ணியது கேடு போக்கவில்லை, ஒரு கருவியைக் கட்டிக்கொடுத்தது.

கரைசலின் செறிவு மட்டுமா பௌதிகம்? உறுப்பின் வடிவமும் அதன் எல்லைக்குள் வருவதே. இயந்திரக் கருத்தை எழுதியவர் இயந்திரத்தின் பாகத்தை விட்டுவிட்டார் என்பதே என் குறை. அவர் கொள்கை தவறு என்பதன்று.

மாணவிக்கு இவ்விடையைச் சொன்னேன். “எல்லா விலங்கிலும் இப்படித்தானா?” என்று அடுத்த கேள்வி வந்தது. இல்லை. சுண்டெலியின் விந்தணு சென்ட்ரியோல் எதையும் கொண்டு வருவதில்லை. அங்கே முட்டையே முனைகளை அமைத்துக்கொள்கிறது.