மூலமும் சுவையும்: அதிமானுட வீரர் திரைப்படங்கள் குறித்த ரசிகர் வழக்கு

ஒரு கதை தான் பிறந்த வடிவத்தை விட்டு வேறொரு வடிவத்தை மேற்கொள்ளும்போதெல்லாம் ஒரு வழக்கு எழுகின்றது. மூலத்தைக் கெடுத்துவிட்டனர் என்பார் ஒரு சாரார். காலத்துக்கேற்பப் புதுக்கினர் என்பார் மற்றொரு சாரார். காப்பியம் நாடகமாகும்போதும் நாவல் திரைப்படமாகும்போதும் இவ்விரு குரல்களையும் நாம் கேட்டிருக்கிறோம். ஆயினும், அமெரிக்கச் சித்திரக்கதைகளில் தோன்றிய சூப்பர்மேன், பேட்மேன் முதலிய அதிமானுட வீரர்களைத் திரைக்குக் கொணர்ந்த படங்களைப் பற்றி அவற்றின் ரசிகர்கள் தமக்குள் நடத்திவரும் வழக்கைப் போல நீண்டதும் சூடானதும் அரிது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது ஓயவில்லை.

இது சிறுவர் பூசல், திறனாய்வுக்கு உரியதன்று என ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு படைப்பின் உயிர் எங்கே உறைகிறது என்னும் பழைய வினாவையே இந்த ரசிகர்களும் தமக்குத் தெரிந்த மொழியில் கேட்கின்றனர். அவர்கள் வாதத்தில் 'மூலத்துக்கு உண்மையாக இருத்தல்' என்ற சொல்லே மிகுதியாகப் பயில்கின்றது. ஆனால் வழக்கின் வேர் பெரும்பாலும் அங்கில்லை. அது சுவையில் இருக்கின்றது என்பதே நமது கருத்து. அதனை ஈண்டுச் சில சான்றுகளால் நிறுவ முயல்வோம்.

மூலம் எது?

மூலம் ஒன்றெனில் அதனோடு ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுதல் எளிது. இவ்வீரர்களுக்கோ மூலம் ஒன்றன்று. சூப்பர்மேன் 1938ஆம் ஆண்டில் ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர்களின் கைவண்ணத்தில் தோன்றினான். அந்தத் தொடக்கக் கதைகளில் அவன் பறப்பதில்லை, நெடுந்தொலைவு தாவுகிறான். மனைவியை அடிக்கும் கணவனையும், ஊழல் செய்யும் அரசியலாளரையும் தண்டிக்கிறான். அவனை வீழ்த்தவல்ல கிரிப்டோனைட் என்னும் கல்லை இன்று மூலத்தின் பகுதியாகவே யாவரும் கருதுகின்றனர். அதுவோ 1943ஆம் ஆண்டில் வானொலித் தொடரில் பிறந்து, சில ஆண்டுகள் கழித்தே சித்திரக்கதைக்குள் புகுந்தது. வழிநூல் மூலநூலுக்கு ஈந்த கொடை இது.

பேட்மேனின் வரலாறு இன்னும் சிக்கலானது. பாப் கேன், பில் ஃபிங்கர் ஆகிய இருவரும் 1939ஆம் ஆண்டில் படைத்த அவ்வீரன், தன் முதற்கதையிலேயே பகைவனொருவன் அமிலத் தொட்டியில் வீழ்ந்து மடிவதைத் தகுந்த முடிவு எனக் கண்டு அமைகிறான். 1940ஆம் ஆண்டில் அவன் விமானத்திலிருந்து எந்திரத் துப்பாக்கியால் சுடவும் செய்தான். அதன் பின்னரே, அவன் கொல்லலாகாது என்னும் விதியைப் பதிப்பாளர் வகுத்தனர். அதே 1940ஆம் ஆண்டில் ராபின் என்னும் சிறுவன் துணைவனாக வந்து சேர்ந்தான். இருள் சற்று விலகியது. 1954ஆம் ஆண்டில் சித்திரக்கதைகளுக்கென ஒழுக்க விதித்தொகை ஏற்பட்டபின், கதைகள் வேற்றுலக உயிர்களும் வேடிக்கைக் கருவிகளும் நிறைந்த விளையாட்டாயின. 1970ஆம் ஆண்டையொட்டி டென்னிஸ் ஓநீல், நீல் ஆடம்ஸ் ஆகியோர் மீண்டும் இரவையும் அச்சத்தையும் கொணர்ந்தனர். 1986ஆம் ஆண்டில் ஃபிராங்க் மில்லர் மூப்பெய்திய, கடுமையான பேட்மேனைத் தீட்டினார்.

இவற்றுள் எது மூலம்? முப்பது வயது ரசிகர் ஒன்றைக் காட்டுவார். எழுபது வயது ரசிகர் வேறொன்றைக் காட்டுவார். ஒவ்வொருவரும் தம் இளமையில் முதலில் எதனைப் படித்தாரோ அதனையே மூலமெனக் கொள்கின்றனர். இதில் குற்றமில்லை. ஆயின், 'மூலத்தினின்று விலகிற்று' என்று அவர் சொல்லும்போது, 'எம் உள்ளத்தில் முதலில் பதிந்த சுவையினின்று விலகிற்று' என்பதே பொருளாகின்றது.

கதை ஒன்று, சுவை வேறு

இதனைத் தெளிவாகக் காட்டும் சான்று 1966ஆம் ஆண்டில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடராகும். ஆடம் வெஸ்ட் நடித்த இத்தொடர் 1968ஆம் ஆண்டு வரை 120 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. இடையே திரைப்படமாகவும் வந்தது. பேட்மேனைக் கேலிப் பொருளாக்கிவிட்டது என்று தீவிர ரசிகர்கள் பல்லாண்டுகள் இதனை வெறுத்தனர். ஆனால் இத்தொடரின் முதற்கதை, 1965ஆம் ஆண்டில் வெளிவந்த சித்திரக்கதை ஒன்றைத் தழுவியது. கதைப்போக்கை நோக்கின், இது மூலத்துக்கு அணுக்கமானது. அக்கால இதழ்களின் வண்ணமும் விளையாட்டும் அப்படியே திரையில் ஒளிர்ந்தன. பின் ஏன் வெறுப்பு? சித்திரக்கதையில் பெருமிதமாக நின்றதைத் தொடர் நகையாக மாற்றிற்று. வீரன் புன்முறுவலின்றிப் பேசுகிறான், காண்போர் சிரிக்கின்றனர். தாம் மதித்தவனைப் பிறர் சிரிக்கக் கண்டதே அந்த ரசிகர்களின் புண்.

அப்புண்ணிலிருந்து ஒரு படம் பிறந்தது. இளமையில் அத்தொடரைக் கண்டு மனம் வருந்திய மைக்கேல் உஸ்லான் என்னும் ரசிகர், 1979ஆம் ஆண்டில் பேட்மேனின் திரைப்பட உரிமையைப் பெற்றார். இருளும் பெருமிதமும் கொண்ட படமொன்று வரவேண்டும் என்பது அவர் நோக்கம். பத்தாண்டு முயற்சிக்குப் பின், 1989ஆம் ஆண்டில் டிம் பர்டன் இயக்கத்தில் அது வெளிவந்தது. அதற்கு முன்னரே இன்னொரு கொந்தளிப்பு. நகைச்சுவைப் படங்களில் பெயர்பெற்ற மைக்கேல் கீட்டன் நாயகன் என்றதும், 1966 மீண்டும் வருகிறது என ரசிகர்கள் அஞ்சினர். கண்டனக் கடிதங்கள் 50,000 வந்தன எனக் கூறுவர்.

படம் வந்தபின் நிகழ்ந்ததே நாம் நோக்கத்தக்கது. அப்படத்தில் நாயகனின் பெற்றோரைக் கொன்றவன் ஜோக்கர் என மாற்றப்பட்டது; சித்திரக்கதையிலோ கொலைஞன் பெயரற்ற வழிப்பறிக்காரன், பின்னாளில் ஜோ சில் எனப் பெயர் பெற்றவன். படத்து நாயகன் பகைவரைக் கொல்லவும் தயங்கவில்லை. கதையளவில் இவை 1966ஆம் ஆண்டுத் தொடர் செய்தவற்றினும் பெரிய மாற்றங்கள். சிலர் முணுமுணுத்தனர், பெரும்பாலோர் கொண்டாடினர். கோத்தம் நகரின் இருளும், கீட்டனின் அடங்கிய குரலும் அவர்கள் தேடிய சுவையைத் தந்துவிட்டன. கதை மாறியும் சுவை நின்றால் மன்னிக்கின்றனர். கதை நின்றும் சுவை மாறினால் மன்னிப்பதில்லை.

'வாட்ச்மென்' இதன் மறுபுறத்தைக் காட்டும். ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்த இக்கதை 1986, 1987ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. ஜாக் ஸ்னைடர் 2009ஆம் ஆண்டில் இதனைப் படமாக்கினார். இறுதிப் பேரழிவின் வகையை மாற்றியது தவிர, பல காட்சிகளைச் சித்திரக் கட்டங்களின்படியே அமைத்தார். எழுத்துக்கு எழுத்து உண்மை என்று பாராட்டினோர் பலர். ஆனால் மூரின் கதை, முகமூடி வீரரை வழிபடும் மனத்தையே ஐயுறுவது; அதில் வன்முறை அருவருப்பை ஊட்டுகிறது. படத்திலோ அதே அடிதடி நிதானமான ஓட்டத்தில், அழகிய காட்சியாக நம்மைக் கவர்கிறது. கட்டங்கள் ஒத்தன, சுவை தலைகீழாயிற்று. அச்சுப் பிசகாத படியெடுப்பு உண்மையாகிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வழிநூல் காட்டும் வழி

அவ்வாறாயின் எல்லாம் அவரவர் சுவை என்று விட்டுவிடலாமா? விட்டால் திறனாய்வுக்கு இடமில்லை. இங்கே நம் இலக்கணநூலார் துணை நிற்கின்றனர். வழிநூலுக்கு நன்னூலார் வகுத்த இலக்கணத்தின் சாரம் இது: முதனூலின் முடிபோடு அது ஒத்திருக்கவேண்டும், பின்வந்த ஆசிரியன் வேண்டும் வேறுபாடுகளையும் அது கொள்ளலாம், மரபு அழியக்கூடாது. வேறுபாட்டை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. அதற்கு உரிமையே அளிக்கிறார். இராவணன் சீதையைத் தீண்டித் தூக்கியதாக வான்மீகி பாட, பன்னசாலையை நிலத்தோடு பெயர்த்துச் சென்றதாகக் கம்பர் பாடியதைத் தமிழுலகம் பிழையெனக் கொள்ளவில்லை. காப்பியத்தின் முடிபுக்கும், கேட்போர் மரபுக்கும் அது அரண் செய்தது.

இவ்வளவுகோலை அதிமானுட வீரர்க்கும் பொருத்தலாம். எது அவ்வீரனின் 'முடிபு'? எதனை நீக்கினால் பெயர் மட்டும் எஞ்சி, ஆள் மறைந்துபோவான்? ஸ்பைடர்மேன் தன் வலையை எய்தும் கருவியைத் தானே செய்துகொண்டான் என்பது 1962ஆம் ஆண்டின் கதை. சாம் ரைமி 2002ஆம் ஆண்டுப் படத்தில் வலை அவன் மணிக்கட்டிலிருந்தே சுரப்பதாக மாற்றினார். அவனது அறிவுக்கூர்மையை இது குறைத்தது என ரசிகர்கள் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும், தான் தடுக்காது விட்ட திருடனே தன்னை வளர்த்தவரைக் கொன்றான் என்னும் குற்றவுணர்வே அவ்விளைஞனை வீரனாக்குகின்றது. அதனைப் படம் முழுமையாகக் காத்தது. வலை வேறுபாடு, குற்றவுணர்வு முடிபு.

ஜேம்ஸ் கன் இயக்கிய 2025ஆம் ஆண்டு 'சூப்பர்மேன்' இன்னும் துணிவான வேறுபாட்டைச் செய்தது. கிரிப்டன் கோளின் பெற்றோர் விடுத்த செய்தி, மண்ணுலகை ஆளுமாறு மகனைப் பணிப்பதாக அதில் வருகிறது. அன்பும் அறமும் தந்த பெற்றோராகவே அவர்களை அறிந்திருந்த ரசிகர் பலர் வெகுண்டனர். நாமோ இதனை வேறாக மதிக்கிறோம். பிறப்பு எதனைக் கட்டளையிடினும், கான்சாஸ் மாநிலத்து எளிய உழவர் வளர்த்த வளர்ப்பே அவனை ஆக்கிற்று என்பது அதனால் மேலும் துலங்குகின்றது. அணிலொன்றையும் காப்பாற்றும் அவ்வீரன், சீகல், ஷூஸ்டர் ஆகியோரின் எளியோர்க்கு உதவும் வீரனுக்குத் தூரத்தவன் அல்லன். பழைய முடிபைப் புதிய வழியால் எய்துவதே நல்ல வழிநூல்.

கொலையும் அதன் சுமையும்

இவ்வழக்குகளுள் மிகக் கடினமானது 2013ஆம் ஆண்டின் 'மேன் ஆஃப் ஸ்டீல்' பற்றியது. ஒரு குடும்பத்தைக் கொல்ல முனையும் சாட் என்பவனைச் சூப்பர்மேன் கழுத்தை முறித்துக் கொல்கிறான். சூப்பர்மேன் கொல்லமாட்டான் என்றது ஒரு கட்சி. சித்திரக்கதை எழுத்தாளர் மார்க் வெய்டே வெளிப்படையாக மனம் நொந்து எழுதினார். மறுகட்சியினர் ஏட்டைப் புரட்டிக் காட்டினர்: 1988ஆம் ஆண்டில் ஜான் பர்ன் எழுதிய கதையில் சூப்பர்மேன் மூவரைக் கொன்றிருக்கிறானே!

முன்னுதாரணம் மெய்யே. எனினும் அது வழக்கை முடித்துவிடாது. பர்னின் கதையில் அச்செயல் வீரனை உடைக்கிறது. அடுத்துவந்த கதைகளில் அவன் அமைதியிழந்து, உலகை விட்டே தன்னை நாடு கடத்திக்கொள்கிறான். படத்திலும் கொன்றபின் அவன் கதறுகிறான், அக்கணம் உண்மையானது. ஆனால் அடுத்த காட்சியே இலகுவான உரையாடலும் ஒரு சிரிப்புமாக நகர்ந்துவிடுகின்றது. கொலை வேறுபாடாக இருக்கலாம். கொலை அவனுக்குச் சுமையாக இருப்பது முடிபு. படத்தின் குறை கொன்றதில் இல்லை; கொன்றதன் பாரத்தைச் சுமக்க மறந்ததில் இருக்கின்றது. இருகட்சியினரும் 'நடந்ததா, நடக்கவில்லையா' என்று வாதிட்டனரேயன்றி, எவ்வளவு நேரம் அப்பாரம் நின்றது என்று நோக்கினார் சிலரே.

காவலர் யார்?

ஈண்டு ஒரு வினா எழும். இவ்வீரர்கள் நிறுவனங்களின் உடைமை. அவற்றை எப்படி ஆக்கினும் ரசிகர்க்கு என்ன? சட்டத்தில் அது சரி. ஆனால் அவ்வுடைமையின் வரலாற்றைச் சற்று நினைவுகூர்வோம். சீகலும் ஷூஸ்டரும் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு விற்றனர். 1975ஆம் ஆண்டில், அவர்தம் வறுமை ஊரறிந்த பின்னரே, ஆளுக்கு ஆண்டுதோறும் 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தோர் என்ற பெயரும் கிடைத்தன. பில் ஃபிங்கர் 1974ஆம் ஆண்டில் மறைந்தார். பேட்மேனைப் படைத்தோருள் ஒருவராக அவர் பெயர் முறைப்படி ஏற்கப்பட்டது 2015ஆம் ஆண்டில்தான். அதற்காகப் பல்லாண்டுகள் குரல் கொடுத்தோர் அவர் குடும்பத்தாரும், ஆய்வாளரும், ரசிகருமே.

மூலத்துக்கு உண்மையாக இருத்தல் என்பதன் மிக உயர்ந்த வடிவம் இதுவென்றே நாம் கருதுகிறோம். ஆடையின் நிறத்துக்காக வாதிட்ட அதே உலகமே, மறக்கப்பட்ட ஆசிரியனின் பெயருக்காகவும் வாதிட்டது. படைத்தவர் கையை விட்டுப் போய், வணிகர் கையில் மாறிமாறி உருவெடுக்கும் கதைக்கு, நினைவுடைய வாசகனைத் தவிர வேறு காவலன் இல்லை.

காவலன் அடித்து நொறுக்குபவனாக மாறுதலும் உண்டு. 2012ஆம் ஆண்டில் பேட்மேன் படமொன்றைக் குறைகூறிய திறனாய்வாளர்க்குக் கொலை மிரட்டல் வந்தது. படத்தை அவர்கள் பார்ப்பதற்கும் முன்னரே ஆதரித்தோர் அதனை விடுத்தனர். கீட்டனை எதிர்த்தோரும், 2008ஆம் ஆண்டுப் படத்துக்கு ஹீத் லெட்ஜரை ஜோக்கராகத் தேர்ந்தபோது நகைத்தோரும், படைப்பைக் காணுமுன் தீர்ப்பளித்தவரே. லெட்ஜர் மறைந்தபின் அவ்வேடத்துக்கு 2009ஆம் ஆண்டில் ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. அன்பு மிகுந்தவனுக்குக் காத்திருத்தல் கடினம். ஆயினும் காத்திருத்தலே சுவைஞனின் முதற்கடமை.

ஆதலின் இனிவரும் படங்களிடம் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு எனலாம். எம் வீரனை எவ்வுணர்வோடு நோக்கச் செய்தீர்? அவனது முடிபை எங்கே வைத்துக் காத்தீர்? இவ்விரண்டுக்கும் விடை தரும் படம் ஆடையை மாற்றலாம், வலையை மாற்றலாம், தந்தையின் சொல்லையும் மாற்றலாம். விடை தராத படமோ, கட்டத்துக்குக் கட்டம் படியெடுத்தாலும், ஓவியத்தின் மேல் வைத்து வரைந்த கோடாகவே நிற்கும். சுவை அறிந்து மாற்றுவோனே மரபைக் காப்போன். மாற்றத்தை அறிந்து மதிப்போனே அதன் நல்ல ரசிகன்.