சாங்கிச் சுவரும் லூக்கா நற்செய்தியும்: ஸ்டான்லி வாரனின் ஓவியங்கள் குறித்து ஒரு நோக்கு

திருமறைப் பகுதி ஒன்றை ஓவியமாகத் தீட்டுபவர் அதற்கு உரை எழுதுபவரே ஆவார். மூலம் சொல்லாது விட்ட இடங்களை உரையாசிரியர் வருவித்து உரைப்பார். ஓவியர்க்கோ அவ்வாறு செய்வதைத் தவிர வேறு வழியே இல்லை. ஆணி அறைந்தனர் என்று கூறிவிட்டு நூல் மேலே செல்லலாம். அறைந்தவன் எத்தகையவன், என்ன உடுத்தியிருந்தான் என்பவற்றை ஓவியர் முடிவு செய்தாக வேண்டும். இம்முடிவுகளில்தான் அவருடைய உரை அடங்கியுள்ளது.

சிங்கப்பூரின் சாங்கிச் சுவரோவியங்களை இந்நோக்கில் காண்பது தகும். அவை பெரும்பாலும் போர்க்கால நினைவுச் சின்னங்களாகவே போற்றப்படுகின்றன. அப்போற்றுதலில் பிழையில்லை, ஆயினும் ஓவியர் திருமறையை எவ்வாறு வாசித்தார் என்னும் வினா அதில் மறைந்துவிடுகிறது.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட பிரித்தானியப் பீரங்கிப் படையினருள் ஸ்டான்லி வாரனும் ஒருவர். புக்கிட் பாத்தோக்கில் ஜப்பானியர் தம் போர்வீரர்க்கு எழுப்பிய நினைவுச் சின்னத்திற்கான பணியில் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். வாரனும் அங்கு உழைத்தார். அங்கிருந்த சிற்றாலயம் ஒன்றின் சுவர்களில் அவர் கரிக்கோட்டால் வரைந்த பிறப்புக் காட்சியில் மரியாளுக்கு மலாய்ப் பெண்ணின் முகத்தைத் தந்தார் என அறிகிறோம். பின்னர்ச் சீதபேதியும் சிறுநீரக நோயும் அவரை ராபர்ட்ஸ் படைமுகாம் மருத்துவமனையில் கிடத்தின. அங்கு 151ஆம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் புனித லூக்கா சிற்றாலயம் அமைந்திருந்தது. அதன் சுவர்களில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமுள்ள ஐந்து ஓவியங்களை அவர் தீட்டினார். முதல் ஓவியம் 1942 கிறிஸ்துமசுக்குள் முடிந்தது. எஞ்சியவை 1943-இல் நிறைவுற்றன. உடன் கைதிகள் ஆபத்தைப் பொருட்படுத்தாது தேடித் தந்த பழுப்பு நிற உருமறைப்பு வண்ணம், வெள்ளை, சிறிதளவு செந்நிறம், பொடி செய்த பில்லியர்ட்ஸ் சுண்ணம் ஆகியவையே அவருடைய வண்ணங்கள். தடித்த கோடுகளும் பரந்த ஒரே நிறப் பரப்புகளும் இவ்வோவியங்களின் தனிநடையாக அமைந்தமைக்கு இவ்வறுமையே காரணம் எனலாம்.

சிற்றாலயத்தின் பெயரை எளிதாகக் கடந்துவிடலாகாது. லூக்கா மருத்துவர், மரபுவழிச் செய்தி அவரை ஓவியராகவும் கூறும். வாரன் சுவரில் பொறித்த வாசகங்களுள் இரண்டு, அதாவது பிறப்புக் காட்சியில் உள்ள வானவரின் அமைதி வாழ்த்தும் சிலுவைக் காட்சியில் உள்ள மன்னிப்பு வேண்டலும், நான்கு நற்செய்திகளுள் லூக்காவில் மட்டுமே இடம்பெறுபவை. இதனைத் தற்செயல் என ஒதுக்க நமக்கு மனமில்லை. எனினும் வாரன் லூக்காவோடு மட்டும் நின்றுவிடவில்லை. மத்தேயு மட்டுமே கூறும் ஞானியரையும் பிறப்புக் காட்சிக்குள் அழைத்து, அவர்களை மேற்காசியர், சீனர், ஐரோப்பியர் என மூவினத்தவராக்கினார். மத்தேயு ஞானியரின் எண்ணிக்கையைக்கூடச் சொல்லவில்லை என்பதை நினைவிற் கொண்டால், உரையாசிரியரின் கை எங்கே புகுந்தது என்பது விளங்கும்.

அமைதி வாழ்த்தில் ஒரு பாடபேதமும் உண்டு. கிரேக்கப் படிகளுக்கிடையே ஓர் எழுத்தளவே வேறுபாடு. ஒரு பாடத்தின்படி நல்லெண்ணம் மாந்தர் அனைவர்க்கும் அருளப்படுவது. மற்றதன் வழிவந்த பழைய மொழிபெயர்ப்புப்படி அமைதி நல்லெண்ணம் உடையோர்க்கு உரியது. வாரன் பொறித்தது பின்னதையே. நல்லெண்ணம் உடையோர் கம்பிவேலியின் எப்பக்கத்தில் உள்ளனர் என்று அவர் வரையறுக்கவில்லை.

சிலுவைக் காட்சியே ஐந்தனுள் தலையாயது என்பது நம் மதிப்பீடு. அங்குச் சிலுவையோடு போராடுவோர் உரோமைப் படைவீரர் அல்லர். அரைத்துணி மட்டுமே உடுத்த அடிமைகள். லூக்கா நற்செய்தியில் மன்னிக்கப்பட வேண்டியோர் ‘இவர்கள்’ என்ற சுட்டளவில் நிற்கின்றனர். அச்சுட்டுக்கு வாரன் கண்ட பொருள் அடிமை என்பதாகும். இது குற்றத்தைக் குறைத்துக் காட்டுவதாகாதா? ஆணையிட்டவர் படத்திலேயே இல்லை. கருவியாக்கப்பட்டவனை மன்னிப்பது எளிதன்றோ? இத்தடை வலியுடையதே. ஆயினும் ஒன்றை எண்ண வேண்டும். பிறர் ஆணைக்குட்பட்டு, அரைத்துணியோடு, பகைவரின் நினைவுச் சின்னத்திற்கு மண் சுமந்தவர்கள் சாங்கிக் கைதிகளே. ஆகவே அவ்வடிமையின் உடலில் வாரன் பகைவனை மட்டும் வரையவில்லை, தம்மையும் வரைந்தார். துன்புற்றவன் தன்னைக் கிறிஸ்துவின் இடத்தில் வைத்துக்கொள்வது இயல்பு. வாரன் அவ்வாறு செய்யவில்லை.

இன்னொரு தடை நம் மண்ணிலிருந்து எழுவது. வாரனின் தோழர் பலர் சயாம் மரண ரயில்பாதைக்கு அனுப்பப்பட்டு மடிந்தனர்; நோயே அவரைச் சாங்கியில் நிறுத்தியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அதே பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்க்கு வரைவதற்குச் சுவரும் இல்லை, சுண்ணமும் இல்லை. அவர்கள் சார்பில் மன்னிக்க ஓர் ஓவியர்க்கு உரிமை உண்டா? இதற்கு விடை சுவரிலுள்ள வாசகத்தின் இலக்கணத்திலேயே உள்ளது. இயேசுவின் கூற்று, மன்னிக்கிறேன் என்னும் தன்மை வினை அன்று; தந்தையை நோக்கிய வேண்டல். ஓவியத்தில் மனிதர் எவரும் எவரையும் மன்னிக்கவில்லை. (இவ்வசனம் தொன்மையான சில கையெழுத்துப்படிகளில் காணப்படவில்லை என்பதையும் பாடபேத ஆய்வாளர் அறிவர்.)

சுண்ணப்பூச்சுக்குள் மறைந்துபோன ஓவியங்கள் 1958-இல் மீண்டும் வெளிப்பட்டன. அப்போது இலண்டனில் ஓவிய ஆசிரியராக இருந்த வாரன் திரும்பி வர முதலில் மறுத்தார். மறக்க முயன்ற நாள்கள் அவை. எனினும் 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் வந்து தம் ஓவியங்களைத் தாமே புதுப்பித்தார். 1992-இல் காலமானார்.

சிறையிலிருக்கும் லூக்காவைக் காட்டும் ஓவியம் மட்டும் முழுமை பெறவில்லை. சுவரின் கீழ்ப்பகுதி வாயில் அமைப்பதற்காக இடிக்கப்பட்டிருந்தது. அங்கு என்ன வரைந்திருந்தார் என்பது வாரனுக்கே நினைவில்லை. கற்பனையால் அதனை நிரப்பியிருக்கலாம். தம் ஓவியத்திற்குத் தாமே உரைகாரர் அல்லவா? அவர் அவ்வாறு செய்யவில்லை. பின்னர் 1985-இல் மூல ஓவியத்தின் சிறுபடி ஒன்று உடன் கைதி ஒருவரிடம் கிடைத்தது. அதன் பின்னரும் அக்கீழ்ப்பகுதி மீண்டும் வரையப்படவில்லை.