ரத்தப் பரிசோதனைக்கு முன்னால்

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புப் பக்கம் வீட்டுப் பெரியவர் தோப்புக்குப் போன வழி தெரியாமல் நின்றால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அது அல்சைமர்தானா என்று உறுதிசெய்ய பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்க வேண்டும். மலையடிவாரத்து விவசாயக் குடும்பத்துக்கு இரண்டுமே எட்டாதவை. கையில் எடுக்கும் கொஞ்சம் ரத்தமே போதும் என்பது அதனால்தான் பெரிய செய்தி.

2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., லூமிபல்ஸ் என்ற ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி தந்தது. பி-டாவ் 217, அமிலாய்டு 42 என்ற இரு புரதங்களின் விகிதத்தை அது அளக்கிறது. மறதி அறிகுறி உள்ளவர்களின் 499 மாதிரிகளில், மூளையில் அமிலாய்டு படிவு 'உண்டு' என்று வந்த முடிவுகளில் 91.7 சதவீதமும் 'இல்லை' என்று வந்தவற்றில் 97.3 சதவீதமும் சரியாக இருந்தன. ஸ்வீடனில் 1,213 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், குடும்ப மருத்துவர்களின் கணிப்பு 61 சதவீதமே சரி. இதே போன்ற வேறொரு ரத்தப் பரிசோதனை 90 சதவீதத்தைத் தொட்டது. நரம்பியல் நிபுணர் அருகில் இல்லாத ஊருக்கு இது சாதாரண உதவியல்ல.

ஆனால் இந்தத் துல்லியம் அறிகுறியோடு வந்தவர்களிடம் கண்டது. அறிகுறி இல்லாத ஆயிரம் பேரில் நூறு பேருக்கே நோய் இருப்பதாகக் கொள்வோம். 90 சதவீதத் துல்லியமுள்ள பரிசோதனை தொண்ணூறு பேரைச் சரியாகக் காட்டும். நோயில்லாத தொண்ணூறு பேரையும் நோயாளி என்று காட்டிவிடும். மறதியே இல்லாதவருக்கு இதை 'மாஸ்டர் செக்கப்'பில் சேர்ப்பதை நான் அடியோடு எதிர்க்கிறேன்.

சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் பி-டாவ் அளவு தானாகவே கூடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மலிந்த, வெயிலில் உழைப்போரின் சிறுநீரகம் கெடும் நம் பகுதியில் இதைக் கணக்கில் எடுக்காத ரிப்போர்ட்டை நம்ப முடியாது. மூளையில் அமிலாய்டு படிந்திருந்தும் நல்ல நினைவோடு வாழும் முதியவர்களும் உண்டு.

இன்னொன்றுதான் எனக்குப் பெரிய கவலை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, கீழே விழுந்தபின் மூளையைச் சுற்றிக் கட்டிய ரத்தம் ஆகியவையும் மறதியாகவே வெளிப்படும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அல்சைமரைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. குணமாகக்கூடியதைத் தேடாமல் குணமாகாததைத் தேடி ஓடக் கூடாது.

ஆகவே வரிசை முக்கியம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வருபவர்கள் மறதி பற்றியும் கேட்கட்டும். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பார்த்து, மற்ற காரணங்களை விலக்கியபின் இந்தப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் பழகிய வழியை மறந்தால், தனியார் லேபுக்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.