குழவியொடு சென்ற செலவு

கடல் கடந்து செல்லும் செலவில் மகளிரை உடன்கொண்டு போதல் இல்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் விதி. இதற்கு இளம்பூரணர் கண்ட உரை நேரிது. கலத்திற் செல்லும் தலைவன் தலைவியை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பார் அவர். நச்சினார்க்கினியர் முந்நீர் என்பதனைக் கடலெனக் கொள்ளாது, ஓதல், தூது, பொருள் என்னும் மூன்றன் பொருட்டுச் செல்லும் செலவு எனப் பிரித்துரைப்பர். இரண்டனுள் இளம்பூரணர் உரையே சொல்லின் இயல்புக்கு ஏற்றது என்பது எம் கருத்து. எனினும் ஈண்டு யாம் மேற்கொண்டது உரையாராய்ச்சி அன்று. எவ்வுரையைக் கொள்ளினும் ஒன்று தெளிவு. தமிழ் அகப்பாடல் கண்ட பிரிவில் ஒருவர் போவார், ஒருவர் இருப்பார். இல்லம் நின்ற இடத்தே நிற்கும். புதல்வனும் ஆண்டே இருப்பான். உடன்போக்கில் இருவரும் செல்வர் எனினும், அவர்க்கு அப்போது மக்கள் இல்லை. இல்லமே பெயர்ந்து, தாயும் சிறுமக்களும் ஏறிய வண்டியாகி, மீளாத நாட்டை நோக்கிச் செல்லும் செலவுக்கு நம் பொருளிலக்கணம் துறை வகுக்கவில்லை.

அத்தகைய செலவைப் பொருளாகக் கொண்ட பெருநூல் ஒன்று நார்வே மொழியில் உண்டு. ஓ. ஈ. ரோல்வாக் 1924இலும் 1925இலும் இரு பகுதிகளாக நார்வேயில் வெளியிட்ட நாவல் அது. 1927இல் லிங்கன் கோல்கார்டின் துணையோடு ஆசிரியரே அதனை ஆங்கிலமாக்கி ஒரே நூலாக்கினார். விவிலியத்தின் ஆதியாகமத்திலிருந்து எடுத்த அதன் ஆங்கிலப் பெயரைப் ‘பூமியில் இராட்சதர்’ எனத் தமிழாக்கலாம். ரோல்வாக் 1876இல் நார்வேயின் வடபகுதித் தீவொன்றில் மீனவர் குடியிற் பிறந்து, 1896இல் அமெரிக்கா சென்று, மினசோட்டாவில் உள்ள செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் தம் தாய்மொழியையும் அதன் இலக்கியத்தையும் கற்பித்தவர், 1931இல் மறைந்தார். அவர் தனியராய்ச் சென்றவர். நாவலில் அவர் அனுப்பிய குடும்பமோ சிறுமக்களோடு சென்றது.

கதை 1873ஆம் ஆண்டுக் கோடையில் தொடங்குகின்றது. பேர் ஹான்சா என்பான் மனைவி பெரெட்டோடும் மக்கள் மூவரோடும் மினசோட்டாவிலிருந்து டக்கோட்டாப் புல்வெளியை நோக்கி மாட்டுவண்டியில் மேற்கே செல்கின்றான். ஓலெ, ஸ்டோர்-ஹான்ஸ் என்னும் சிறுவர் இருவர். வாத்துக்குஞ்சு எனப் பொருள்படும் செல்லப்பெயரால் அழைக்கப்பெறும் சிறுமி ஒருத்தி. பெரெட் மீண்டும் கருவுற்றிருக்கின்றாள். முன்சென்ற தோழர்களின் வண்டித்தடம் தவறிவிட்டது. புல்லையும் வானையும் தவிர வேறொன்றும் இல்லை. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, ஐந்தாண்டு தங்கி உழுவார்க்கு 160 ஏக்கர் நிலம் உரிமையாகும். கடற்கரைப் பாறைகளுக்கிடையே வாழ்ந்த மீனவனுக்கு அஃது ஓர் அரசு. மக்களுக்கென ஓர் அரசை நிறுவப்போகின்றேன் என்னும் களிப்பு அவனை நடத்துகின்றது.

இந்நூலைத் தமிழர் படிக்குங்கால் பாலைத்திணை நினைவுக்கு வருதல் இயல்பே. திணைக்கோட்பாட்டை எந்நாட்டு நூலின்மேலும் போர்த்திப் பார்த்து மகிழும் பழக்கமும் நம்மிடையே வளர்ந்துள்ளது. பொருந்தும் இடத்தைக் காட்டுவார் பலர். பொருந்தா இடத்தைக் காட்டுவார் சிலரே. ஒப்புமையால் வரும் பயனிற் பெரும்பங்கு பொருந்தா இடத்தில்தான் உள்ளது என யாம் கருதுகின்றோம்.

அகநானூற்றின் 5ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் முன் தலைவி ஒன்றும் வாய்விட்டுச் சொல்லவில்லை. புதல்வனை மார்போடு அணைத்து அவன் தலையிற் சூடிய பூவை மோக்கின்றாள். அவள் நெட்டுயிர்ப்பின் வெம்மையால் பூ நிறங்கெடுகின்றது. அதனைக் கண்ட தலைவன் செலவு அழுங்குகின்றான். ஈண்டுப் புதல்வன் தடை. அவன் தலைப்பூவே தாயின் வாதம். ரோல்வாக்கின் நாவலிலோ புதல்வரே செலவுக்குக் காரணம். மக்களின் பெயரால் தந்தை போக விழைகின்றான். அதே மக்களின் பெயரால் தாய் நடுங்குகின்றாள். மக்கள் தடையாக நின்றால் தாய்க்குச் சொல்லத் துணை உண்டு. அவர்களே காரணமாகிவிட்டால் அவள் எதனைச் சொல்லித் தடுப்பாள்? பெரெட்டின் மௌனத்தை அவளது குணக்குறை என்பார் இவ்விடத்தை நோக்கிலர்.

பிறிதொரு வேறுபாடு நிலம் பற்றியது. பாலை என்பது வழி. ஒருபுறம் இல்லம், மறுபுறம் பொருள் கிடைக்கும் தேயம், இடையே சுரம். எத்துணைக் கொடியதாயினும் கடந்துவிடலாம் என்னும் உறுதி அதற்குண்டு. டக்கோட்டாவில் வண்டி நின்ற இடமே ஊர். சுரத்தின் நடுவே புல்லும் மண்ணும் கலந்த கட்டிகளை வெட்டியடுக்கி வீடு செய்கின்றனர். கடக்க வேண்டிய நிலமே வாழ வேண்டிய நிலமாகின்றது. அவ்விடத்தை முதன்முதல் நோக்கிய பெரெட் மலையில்லை என்றோ மரமில்லை என்றோ மட்டும் வருந்தவில்லை. ஒளிந்துகொள்ள ஓர் இடமும் இல்லை என்று அஞ்சுகின்றாள். மாலையானதும் பலகணியைத் துணியால் மூடுகின்றாள். வகுப்பில் இப்பகுதியை யாம் நடத்தியபோது, அவளைக் கோழை என்றே மாணவர் பலரும் கூறினர். கைக்குழந்தையை வீட்டில் விட்டுக் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி மட்டும், அவள் தனக்காகவா இடம் தேடுகின்றாள் என வினவினாள். அவ்வினாவிற்குப் பின்னரே இந்நாவலை யாம் இரண்டாம் முறை படித்தோம்.

அம்மாணவி கூறியதற்கு நூலுள்ளே வலுவான சான்று உளது. மேற்கே போகும் மற்றொரு குடும்பம் ஒருநாள் இவர்கள் வீட்டிற்கு வருகின்றது. அக்குடும்பத்துத் தாய் காரியை வண்டியிற் கயிற்றாற் பிணித்துக் கொணர்கின்றான் கணவன். வழியில் அவர்களுடைய சிறுமகன் இறந்தான். பெட்டிக்குப் பலகையில்லை, கல்லொன்றன் அடியிற் புதைத்துவிட்டு வண்டியைச் செலுத்தினர். அன்றுமுதல் அவள் இறங்கி ஓடி மகனைத் தேடத் தொடங்கினாள். அன்றிரவு பெரெட்டின் சிறுமகளைத் தூக்கிக்கொண்டு அவள் இருளில் புல்வெளிக்குட் போய்விடுகின்றாள். குழந்தை உயிரோடு மீட்கப்படுகின்றது. பெரெட்டின் நெஞ்சமோ அவ்விரவிலிருந்து மீளவில்லை. ஆசிரியர் இந்நிகழ்ச்சியை விரைவாகச் சொல்லிக் கடக்கின்றார், அவலத்தை நீட்டவில்லை. குறிநாட்டவும் இயலாத வெளியில் மகனைப் புதைத்தவள் அவ்விடத்தை இனி எவ்வாறு கண்டறிவாள் என்னும் கேள்வியைப் படிப்போர் நெஞ்சில் இட்டு அகல்கின்றார். 1920இல் ரோல்வாக்கின் ஐந்து வயது மகன் நீரில் மூழ்கி இறந்தான் என்பது அவர் வரலாற்றிற் காணும் செய்தி. இதனைக் கொண்டு நாவலை விளக்க யாம் முற்படவில்லை. ஆயினும் இப்பகுதியின் அடக்கத்தைப் பாராட்டுவார் இதனை அறிந்திருத்தல் நன்று.

பெரெட் நார்வேயிலிருந்து கொணர்ந்த பழம்பேழை ஒன்று நாவல் முழுதும் வருகின்றது. அதன்மேல் பதினேழாம் நூற்றாண்டின் ஆண்டுக்குறி பொறித்திருக்கின்றது. மகப்பேற்று வேதனையில், தான் இறப்பது உறுதியெனக் கொண்டு, தன்னை அப்பேழையிலிட்டுப் புதைக்கச் சொல்கின்றாள். அவள் இறக்கவில்லை, கிறித்துமசு நாளில் மகன் பிறக்கின்றான். பின்னர் வெட்டுக்கிளிக் கூட்டம் விளைந்த கதிரை அழித்த நாளில், பேர் ஹான்சா தன் வீட்டுக்கதவு உள்ளே அடைபட்டிருத்தலைக் காண்கின்றான். தள்ளித் திறந்து நுழைந்தால், பேழைக்குள் மனைவி. அவளோடு சிறுமகளும் கைக்குழந்தையும். வெளியில் ஒளிய இடமில்லை என்றவள் கண்ட இடம் இதுவே. பிறந்த நாட்டின் ஒரே எச்சமான பேழையுள் மக்களை வைத்து மூடுகின்றாள். பின்னாளில் ஊர்வழி வந்த குருவானவர் அப்பேழையையே திருவிருந்துக்குப் பீடமாக்குகின்றார். சவப்பெட்டியாக நினைக்கப்பட்டது காப்பிடமாகிப் பீடமும் ஆயிற்று. உட்கோள் இதுவென ஆசிரியர் யாண்டும் விளக்கவில்லை, விளக்காமையே சிறப்பு.

பெரெட்டின் அச்சத்திற்கு மற்றொரு வேரும் உண்டு. மூத்த மகன் ஓலெ திருமணத்திற்கு முன்னரே கருவுற்ற பிள்ளை. பெற்றோர் விருப்பத்திற்கு மாறாகப் பேர் ஹான்சாவை மணந்தவள் அவள். களவு கற்பாதல் நம் அகமரபில் அறம். உடன்போயினாளைத் தேடிவரும் செவிலியிடம், அவள் செய்தது முறையே எனக் கண்டோர் ஆற்றுவித்தலும் மரபு. பெரெட்டை ஆற்றுவிப்பார் ஒருவரும் இல்லை. லூத்தரன் சமய நெறியில் வளர்ந்த அவள் உள்ளம் களவைப் பாவமாகவும், புல்வெளியை அதற்குரிய தண்டனையாகவும் கொள்கின்றது. பாலையை வைத்து இந்நூலை அளந்து வந்த நம் கோல் இவ்விடத்தில் முறிகின்றது. முறிதலை மறையாது கூறுதலே ஒப்பியலார் கடன்.

பெயரிடும் நிகழ்ச்சியும் நோக்கத்தக்கது. தலையிற் சவ்வு மூடிப் பிறந்த இளைய மகனுக்குப் பேடர் விக்டோரியஸ் எனத் தந்தை பெயர் சூட்டுகின்றான். விக்டோரியஸ் என்பது வெற்றியுடையான் எனப் பொருள்படும். இப்பாழ்வெளியில் எவ்வெற்றி எனத் தாய் மனங்குமுறுகின்றாள்; குருவானவர் முன்னிலையிலும் அப்பெயரைத் தெய்வநிந்தை என மறுக்கின்றாள். தந்தை வழிப் பெயரை விடுத்துக் குடும்பத்திற்குப் புதிய குடிப்பெயர் கொள்ளும்போதும் பிறர்க்கு மகிழ்ச்சி; அவட்கு ஓர் இழப்பு. சிறுமக்களோடு நாடு பெயர்வார்க்கு நிலமும் உணவும் பின்னர்க் கிட்டலாம். மக்களை என்ன பெயரால், என்ன மொழியால் அழைப்பது என்னும் சிக்கலோ சென்ற நாளே தொடங்கிவிடுகின்றது. ரோல்வாக் கண்ட உண்மைகளுள் இதுவே ஆழமானது எனலாம்.

குறையும் சொல்லுதல் வேண்டும். பேரெல்லையுடைய இந்நாவலில் சிறுவர் நெஞ்சு நமக்குப் போதிய அளவு திறக்கப்படவில்லை. ஓலெயும் ஸ்டோர்-ஹான்ஸும் வாத்துப் பிடிக்கப் போகின்றனர், சண்டையிடுகின்றனர், வசைச்சொல் பேசித் தாயிடம் அடிபடுகின்றனர். தாய்க்குச் சுரமாகத் தோன்றும் வெளி அவர்கட்கு விளையாட்டிடம். இவ்வளவும் புறத்தே நின்று காட்டப்படுகின்றன. பழைய ஊரை அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தனர், தாயின் இருண்ட முகத்தை எவ்வாறு பொருள்கொண்டனர் என்பனவற்றை ஆசிரியர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றார். பெற்றோர் துயரே பேசிப் பேசிப் பிள்ளையை அத்துயரின் சுமையாக மட்டும் காட்டுதல் குடியேற்ற இலக்கியத்திற் பொதுவாகக் காணும் குறை. நம்மவரும் குடும்பத்தோடு கடல் கடந்தவரே. இலங்கைத் தோட்டங்கட்குக் கங்காணியர் வழிச் சென்றோர் பிள்ளைகளோடு சென்றனர். புதுமைப்பித்தனின் துன்பக்கேணி அத்தேயிலைத் தோட்ட வாழ்வைக் காட்டிய முன்னோடிப் படைப்பு. ஆனால் கடனிற் கட்டுண்டு கூலிக்குச் சென்றாரையும் சொந்த நிலம் கொள்ளச் சென்றாரையும் ஒருதட்டில் வைத்தல் முறையன்று, அது தனிக்கட்டுரைக்குரியது.

நாவலின் முடிவு பற்றித் திறனாய்வாளர் பலவாறு உரைப்பர். நோயுற்ற நண்பனுக்காகக் குருவானவரை அழைத்துவரப் பெரெட்டே கணவனைப் பனிப்புயலில் அனுப்புகின்றாள், அவன் மீளவில்லை. வேனில் பிறந்தபின், வைக்கோற்போரொன்றில் சாய்ந்து மேற்கு நோக்கி அமர்ந்த நிலையில் அவன் உடலைக் காண்கின்றனர். இறந்தும் மேற்கை நோக்கும் கண்களை வீரத்தின் சின்னம் என்பார் உளர். யாம் அவ்வாறு கொள்ளோம். அவனுக்கு மேற்கில் எவரும் இல்லை. மனைவியும் மக்களும் இருந்த வீடு வேறு திசையில், பனிக்குள் இருந்தது.

எஞ்சிய கதையை 1928இல் வந்த அடுத்த நாவலிற் காண்கின்றோம். பித்தி எனப் பலரும் நினைத்த பெரெட் பண்ணையைத் திறம்பட நடத்துகின்றாள், மக்களை வளர்க்கின்றாள். இளையவன் பேடரை நார்வே மொழியில் நிறுத்த அவள் போராடுகின்றாள். அவனுக்கோ ஆங்கிலமே இனிக்கின்றது. அயர்லாந்துக் குடியிற் பிறந்த கத்தோலிக்கப் பெண்ணொருத்தியை அவன் விரும்பி மணக்கின்றான். இவற்றையெல்லாம் ரோல்வாக் அமெரிக்காவில் இருந்துகொண்டு நார்வே மொழியிலேயே எழுதினார். பேடர் போன்ற பிள்ளைகள் அந்நூலை ஆங்கிலத்தில்தான் படித்திருப்பர்.